பிரேக்கம்மா விட்ட சொல்

பிரேக்கம்மாவின் வலது கால் சும்மா இருக்காது. மருமகனின் காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றாலும் அழுத்தும். தொலைக்காட்சியில் யாரோ யாரையோ காரில் துரத்தினாலே போதும், அவர் காலடியில் கிடக்கும் விரிப்பு சுருண்டு போயிருக்கும்.

"அம்மா, அந்தக் கார் உன் காலுக்கு நிக்காதும்மா" என்பாள் மகள்.

"நிக்கலைன்னா முட்டட்டும். என் கடமையை நான் செஞ்சாச்சு."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் மிதிகள் இரண்டு பக்கமும் உண்டு. கற்றுக்கொள்பவர் பக்கம் ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச்; பக்கத்து இருக்கையில் கற்றுக்கொடுப்பவரின் காலடியில் பிரேக்கும் கிளட்சும். ஸ்டியரிங் ஒருவர் கையில் இருக்கும், இரண்டு பேர் உயிரும் இன்னொருவர் காலில் இருக்கும். அந்தக் காலை நம்பித்தான் ஊரில் பலரும் முதல்முறை சாலையில் இறங்கினார்கள். பிரேக்கம்மா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகும் அந்த இருக்கையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

பள்ளி என்பது பெயருக்குத்தான். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அதில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவருடைய தம்பி, தம்பிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் கார் சாவி. ஆள் சேர்ப்பதும் உரிமம் வாங்கித் தருவதும் தம்பியின் வேலை. சாலை அக்காவுடையது. எதிர்ச் சாரியில் இன்னொரு பள்ளி இருந்தது. அதை நடத்துபவருக்கு முகத்தில் பாதி மீசை என்பதால் ஊருக்கே அவர் மீசை. அவருக்கும் பிரேக்கம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம்.

காருக்குள் பிரேக்கம்மாவுக்கென்று ஒரு மொழி உண்டு. ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்க வேண்டுமென்றால் ‘எடு’. அமுக்கிப் பிடித்த கிளட்சை மெதுவாக மேலே வர விட வேண்டுமென்றால் ‘விடு’. இரண்டும் மாறவே கூடாது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் காருக்கு வெளியே அவருக்கு ‘நீங்க’. உள்ளே ஏறிவிட்டால் நீதிபதியானாலும் ‘நீ’. "விடுங்கன்னு மரியாதையா சொல்லி முடிக்கிறதுக்குள்ள சுவர் வந்துடும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

அவருடைய அக்கா மறதி நோயில் போனவர். நோய்க்கு முன்னாலேயே சுற்றி இருந்தவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது பிரேக்கம்மாவின் தீராத கோபம். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்தார் என்று அவரைச் சமையலறையை விட்டு வெளியேற்றினார்கள். பிறகு அவர் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். கடைசியில் அவர் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, நீங்க பேசுங்க" என்று வந்தவர்களிடம் சொன்னார்கள். அக்காவுக்குப் புரிந்தது. அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பிரேக்கம்மா தன் கண்ணால் பார்த்தார்.

அதனால்தான், ஒரு தனியார் ஆய்வகம் மருமகனின் அலுவலகத்துக்கு வந்து, மூத்தோருக்கான மூளைப் பாதுகாப்புப் பரிசோதனை என்று சலுகை விலையில் கூவிய செய்தி வீட்டுக்கு வந்தபோது, "எனக்கும் எடுங்க மாப்பிள்ளை. ஒளிஞ்சிருக்கிறதை வெளிச்சத்துல பார்த்துடலாம்" என்று அவரே கையை நீட்டினார். உண்மைக்குப் பயந்து ஓடுகிற ஆளில்லை அவர். கை நீட்டியதில் தப்பு ஒன்றுமில்லை.

தப்பு, பதிவு செய்யும்போது மருமகனின் போன் எண்ணைக் கொடுத்ததில் ஆரம்பித்தது. முடிவு அவருக்குப் போனது. வாயில் நுழையாத ஒரு புரதத்தின் பெயர், ஓர் எண், பக்கத்தில் சிவப்பில் ‘அதிகம்’. விளக்கம் என்று ஒரு வரி கிடையாது. அடுத்த பரிசோதனைக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மருமகன் கெட்டவர் இல்லை. பதறிப்போனார், பதறியதில் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார்.

பிரேக்கம்மா அப்போது ஒரு வங்கி அதிகாரியை மேம்பாலத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். காருக்குள் போனைத் தொடமாட்டார். இறங்கிவந்து பார்ப்பதற்குள் அழுகிற முகங்கள் வரிசையாக வந்திருந்தன. நினைவாற்றல் லேகியம் ஒன்றின் விளம்பரம் வந்திருந்தது. "நான் முன்னாடியே நினைச்சேன், போன தடவை என்னை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்று சித்தப்பா மகள் ஒருத்தியின் ஆராய்ச்சியும் வந்து சேர்ந்திருந்தது.

மாலையில் மருமகனை உட்கார வைத்துக் கேட்டார்.

"மாப்பிள்ளை, அது யார் ரத்தம்?"

"உங்க ரத்தம்தான் அத்தை."

"என் நரம்புல குத்தி எடுத்தது. அதைப் படிச்ச முதல் ஆள் நீங்க, கடைசி ஆள் நான். நடுவுல லேகியம் விக்கிறவன் வரைக்கும் படிச்சிட்டான். நல்லா இருக்கா இது?"

"பயந்துட்டேன் அத்தை."

"பயப்படுங்க, வேண்டாங்கலை. என்கிட்ட வந்து பயப்படுங்க."

அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் அதுவாகவே இருக்கவில்லை. அவர் கண்ணாடியைத் தேடினால் அது அறிகுறி. குழம்பில் உப்பு குறைந்தால் அறிகுறி. ஒரு பெயர் நாக்கு நுனியில் நின்றால், எதிரில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தலையெழுத்து என்று ஒன்று கிடையாது என்று ஊரெல்லாம் வாதாடியவர் அவர். இப்போது அதே தலையெழுத்து ஆய்வகத்தின் முத்திரையைக் குத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றது. கட்டம் பார்த்து நாள் சொல்கிறவனைக் கண்டு சிரிக்கும் படித்த குடும்பம், ஒற்றை எண்ணைப் பார்த்து ஒரு மனுஷியின் மிச்ச வாழ்க்கையைச் சொல்லத் தயாராக இருந்தது. அதைவிடக் கொடுமை, பிரேக்கம்மாவே தன் பேச்சை ஒட்டுக்கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தையும் வாயை விட்டு வெளியே போகும்போது, சரியான வார்த்தைதானா என்று பின்னாலேயே காது ஓடியது.

அடுத்த வாரம் அந்த விபத்து நடந்தது.

தையலம்மா கடைத்தெருவில் துணி தைப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர். தைத்த சீருடைகளைப் பள்ளிக்கூடங்களுக்குத் தானே கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று பழைய வேன் ஒன்றை வாங்கிவிட்டு ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். தையல் இயந்திரத்தில் பழகிய கால். மிதி என்று எதைக் கண்டாலும் முன்னும் பின்னும் ஆட்டும். "தையலம்மா, கார் எம்பிராய்டரி போடுது. நேர் தையல் போதும்" என்று பிரேக்கம்மா கிண்டல் செய்வார்.

அன்று மருந்துக்கடை வளைவில் கியர் மாற்றுவதற்காகத் தையலம்மா கிளட்சை அமுக்கினார். ஆனால் இன்னொரு காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை. எஞ்சின் அலறியது. பிரேக்கம்மா ஏதோ கத்தினார். தையலம்மா சட்டென்று கிளட்சிலிருந்து காலைத் தூக்க, கார் துள்ளிப் பாய்ந்தது. பதறிய தையலம்மா, தையல் இயந்திரத்தை நிறுத்துகிற பழக்கத்தில், அங்கே இல்லாத கைச்சக்கரத்தைக் காற்றில் தேடிப் பிடிக்கப் போனார். பிரேக்கம்மாவின் கால் பிரேக்கை அழுத்தியது. அழுத்தியது, ஆனால் ஒரு கணம் தாமதம். கார் நடைபாதை ஓரத்தில் ஏறி, மருந்துக்கடை வாசலில் இருந்த பலகையைச் சாய்த்து அதன்மேலேயே நின்றது. ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று அதில் எழுதியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பலகையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. வேறு நாளாக இருந்தால் பிரேக்கம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மறுநாள் காலையில் ஆணியில் சாவி இல்லை. தம்பியின் சட்டைப் பையில் இருந்தது. மகளும் வந்திருந்தாள்.

"கோவிச்சுக்காதேக்கா" என்றார் தம்பி, மேசையைப் பார்த்துக்கொண்டே. "ஒரு ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா? டெஸ்ட்ல வந்திருக்குன்னு தெரிஞ்சும் உட்கார வெச்சியான்னு என்னைத்தானே கேப்பாங்க?"

"போதும்மா, விட்டுடு" என்றாள் மகள். குரல் உடைந்தது. "மரியாதையோட விட்டுடும்மா."

பிரேக்கம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு இருவருக்கும் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அந்த சீட்ல உட்கார்றவ காலை நம்ப முடியலைன்னா அவ உட்காரக் கூடாது. நானே இறங்கிடுவேன், யாரும் கையைப் பிடிச்சு இறக்க வேண்டாம். ஆனா நம்ப முடியுமா முடியாதான்னு யாருடா பார்த்தீங்க? ஒரு நம்பரைப் பார்த்தீங்க. என்னைப் பார்த்தீங்களா? அளந்து பாருங்க. அளக்காம இறக்கினா, அது அக்காவுக்குப் பண்ணின அதே அக்கிரமம். எனக்கு அதைப் பண்ண விட மாட்டேன்."

சாவி பையிலேயே இருந்தது. அவரும் கேட்கவில்லை.

முதலில் பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனார். மகளும் கூடப் போனாள். நீண்ட பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து கதவுக்குப் பக்கத்தில் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. இளம் டாக்டர், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. முடிவைப் பார்த்ததும் அவர் மகளிடம் பேச ஆரம்பித்தார். பிரேக்கம்மா மேசையை விரலால் தட்டினார். "டாக்டர், நோயாளி இங்கே இருக்கேன்." டாக்டர் சிரித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "தப்புதான்மா. சொல்லுங்க, மறதின்னு ஏதாவது தொந்தரவு இருந்து இதை எடுத்தீங்களா?"

"இல்லை. சலுகை இருந்ததால எடுத்தாங்க."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மூளையில சில புரதங்கள் கெட்டுப்போய்ச் சேர ஆரம்பிச்சா, அதோட துணுக்கு கொஞ்சம் ரத்தத்துல கசியும். அதை அளக்கிறதுதான் இது. நல்ல டெஸ்ட்தான். மறதியோட வர்றவங்களுக்குக் காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு ரொம்ப உதவுது. ஆனா தொந்தரவே இல்லாத ஒருத்தருக்கு இதை மட்டும் வெச்சு நான் எதையும் சொல்ல முடியாது. அளவு கூடியிருந்தும் வருஷக்கணக்கா நல்லா இருக்கிறவங்க இருக்காங்க."

"அப்போ இது பொய்யா?"

"பொய் இல்லைம்மா. பாதி வாக்கியம்." அவர் பேனாவை மூடி வைத்தார். "கிட்னி எப்படி இருக்கு?"

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறேன். கிட்னி கொஞ்சம் மந்தமா வேலை செய்யுதுன்னு போன வருஷம் சொன்னாங்க."

"அந்த லேப்ல இதை யாராவது கேட்டாங்களா?"

"பேரைக் கேட்டாங்க. வயசைக் கேட்டாங்க. காசை எப்படிக் கட்டுறீங்கன்னு கேட்டாங்க."

"கிட்னி மந்தமா இருந்தா இந்தத் துணுக்கு ரத்தத்துல தேங்கிடும். அளவு கூடித் தெரியும். உங்களுக்கு அதனாலதான்னு சொல்லலை. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

விஞ்ஞானம் இப்படித்தான் பேசும். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இன்னொரு முறை பார்ப்போம் என்று தன் அறியாமையையும் சேர்த்தே சொல்லும். அந்த இரண்டாவது பாதியை வெட்டி எறிந்துவிட்டு முதல் பாதியைப் பயந்தவர்களிடம் விற்பது வியாபாரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு உழைப்பாளியின் நாற்காலியைப் பிடுங்குவது அநீதி. பிரேக்கம்மாவுக்குக் கோபத்தில் காது சூடாகியது. ஆனால் கோபப்பட்டுக்கொண்டு எழுந்து போகவில்லை. வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தார். சில வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள், சொன்னார். ரத்தம் மறுபடி கொடுத்தார். இந்த முறை தன் சொந்த எண்ணை எழுதிக் கொடுத்தார்.

எழும்போது கேட்டார். "நான் வண்டியில உட்காரலாமா?"

"அதை ரத்தம் சொல்லாதும்மா. வண்டியிலதான் பார்க்கணும். விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும்."

மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து நேராகத் தையலம்மாவின் கடைக்குப் போனார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தையலம்மாவின் உதடுகளுக்கு நடுவில் நாலைந்து குண்டூசிகள்.

"தையலம்மா, என் மனசு நோகும்னு பார்க்காதீங்க. அன்னிக்கு நான் ‘எடு’ன்னு சொன்னேனா, ‘விடு’ன்னு சொன்னேனா?"

தையலம்மா இயந்திரத்தின் சக்கரத்தில் கை வைத்து நிறுத்தினார். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதிலேயே பதில் இருந்தது.

"விடுன்னுதான் சொன்னீங்க, பிரேக்கம்மா."

"நிச்சயமா?"

"அளவு தப்பா வெட்டிட்டு, சரியா இருக்குன்னு சொல்லி மாட்டி விட முடியுமா? போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே."

பிரேக்கம்மா தெருவில் இறங்கி நடந்தார். ‘எடு’ என்று சொன்னதாகத்தான் யார் கேட்டிருந்தாலும் அவர் அடித்துச் சொல்லியிருப்பார். தன் காதால் கேட்டதாகவே நினைத்திருந்தார். அது இல்லை. தனக்குச் சாதகமான உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போகலாம். தையலம்மா யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் பாதி வாக்கியத்தோடுதானே அவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்?

பள்ளிக்குப் போய்த் தம்பியிடம் சொன்னார். "நான் ‘விடு’ன்னுதான் சொல்லியிருக்கேன்."

தம்பி நிமிரவில்லை. தாடையைச் சொறிந்தார். அங்கே ஒரு பழைய தழும்பு உண்டு. விரல் அதில் பட்டதும் நின்றது.

"நீ எப்பவும் அதைத்தானேக்கா சொல்லுவே" என்றார் மெதுவாக.

"என்னடா?"

"எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தப்போ. யாரோ குடுத்த ஜீப்பு. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுடான்னு சொல்ல வேண்டிய இடத்துல ‘விடுடா’ன்னு கத்தினே. நான் கிளட்சை விட்டேன். குடோன் சுவர் வந்துடுச்சு." தழும்பைத் தடவிக்கொண்டார். "அதுக்கப்புறம்தானே ‘எடு’ வேற, ‘விடு’ வேறன்னு சட்டம் போட்டே? அவசரம்னா உன் வாயில முதல்ல வர்றது ‘விடு’தான். மொதல்ல இருந்தே அப்படித்தான்."

பிரேக்கம்மா அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அதுக்கு என்னடா பேரு வெச்சோம்?"

"வாய் தவறிடுச்சுன்னு சொன்னோம். அப்பா உன்னைத் திட்டக்கூட இல்லை. என்னைத்தான் திட்டினாரு."

"இன்னிக்கு என்ன பேரு?"

தம்பியின் விரல் தழும்பை விட்டு இறங்கியது.

"அதே வாய். அதே வார்த்தை. அன்னிக்குத் தவறு, இன்னிக்கு வியாதி. நடுவுல புதுசா வந்தது ஒரு சிவப்பு எழுத்து. அவ்வளவுதானே?"

தம்பியின் கை சட்டைப் பைக்குள் போனது. "இந்தாக்கா, சாவி."

"வேண்டாம்."

தம்பி திகைத்துப்போனார்.

"வாய் பழைய வாய்னு தெரிஞ்சிடுச்சு. கால்? அன்னிக்குக் கால் தாமதமாச்சுடா. எனக்குத் தெரியும். அதைப் பார்க்காம நான் ஏற மாட்டேன். மீசை பார்க்கட்டும்."

"மீசையா! நீ எப்போ கவுந்து விழுவேன்னு காத்திட்டிருக்கிற ஆளு அவன், அக்கா!"

"அதனாலதான். நீ பார்த்தா பாசம் கண்ணை மறைக்கும், இல்லைன்னா பயம் மறைக்கும். என் பொண்ணு பார்த்தா அழுவா. மீசை எனக்கு ஒரு மார்க் கூடுதலா போட மாட்டான்."

தெருவைத் தாண்டிப் போனார். மீசை வாசலில் நின்று காருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் மீசை, மனசாட்சி வீட்டுல இருக்கா?"

"காலையில பார்த்தேன், வெளியே போயிருக்கு. என்ன விஷயம்?"

விஷயத்தைச் சொன்னார். சிவப்பு எழுத்து, பலகை, தாமதமான கால், ‘விடு’ எல்லாவற்றையும். மீசை தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"நான் ஃபெயில் போட்டுட்டா?"

"என் ஆளுங்க எல்லாரும் உன்கிட்டதான் வருவாங்க. உனக்கென்ன வலிக்குது?"

"பாஸ் போட்டுட்டா?"

"உனக்குத்தான் வலிக்கும்."

மீசை துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏம்மா, நான் சும்மா விட மாட்டேன்."

"விடாதே. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

முதலில் பிரேக்கம்மா ஓட்டினார். மீசை கற்றுக்கொடுப்பவரின் இருக்கையில், காலை பிரேக்குக்கு மேலே தூக்கி வைத்தபடி. ஊரிலேயே மோசமான சாலைகளுக்குக் கூட்டிப்போனார். சந்தைத் தெருவின் நெரிசல், மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பின்னோக்கி ஓட்டுவது, கல்லூரி விடும் நேரத்தில் நாற்சந்தி. ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஒரு இடத்தில் மட்டும், "கண்ணாடியை லேட்டா பார்த்தே" என்றார்.

"பார்த்தேன்."

"லேட்டா பார்த்தே."

பிரேக்கம்மா வாயைத் திறந்தார், யோசித்தார், மூடிக்கொண்டார். "சரி. லேட்டுதான்."

பிறகு இடம் மாறினார்கள். மீசை கற்றுக்கொள்பவராக நடித்தார். நடிப்பா அது? இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த கோணல் ஓட்டுநர்கள் எல்லோரும் அந்த ஒரு உடம்புக்குள் புகுந்துகொண்டார்கள். கியரை நறநறவென்று அரைத்தார். காரணமில்லாமல் இடது பக்கம் இழுத்தார். "அக்கா, இது என்ன பெடல்?" என்று நடுச்சாலையில் குனிந்து பார்த்தார். பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "கழுதை, ரோட்டைப் பாரு!" என்று அதட்டினார். அதட்டலில் தன் பேச்சைத் தானே ஒட்டுக்கேட்பது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

தண்ணீர்த் தொட்டிச் சரிவில் நின்று கிளம்பும்போது மீசை திடீரென்று கிளட்சை அமுக்கிக்கொண்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தார். எஞ்சின் அலறியது.

"விடு!" என்று கத்தினார் பிரேக்கம்மா.

நல்ல பிள்ளையாக மீசை கிளட்சை விட்டார். கார் பாயவில்லை. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பிரேக்கம்மாவின் இரண்டு கால்களும் தன் பக்கத்துப் பிரேக்கையும் கிளட்சையும் அதற்கு முன்னாலேயே அழுத்திப் பிடித்திருந்தன.

மீசை விடவில்லை. வேறு வேறு இடங்களில், எதிர்பாராத நேரத்தில், மறுபடி மறுபடி செய்து பார்த்தார். ஒருமுறை ‘எடு’ வந்தது, ஒருமுறை ‘விடு’ வந்தது. கால் மட்டும் ஒவ்வொரு முறையும் முன்னாலேயே போய் நின்றது. கடைசியில் அவர் காரை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். மீசையை முறுக்கவில்லை.

"உன் காலுக்கு ஒண்ணும் இல்லைம்மா. சொல்லப்போனா, உன் கால் உன் வாயை நம்பறதே இல்லை. அது பாட்டுக்கு உளறட்டும்னு தன் வேலையைப் பார்க்குது."

"அப்போ அன்னிக்கு ஏன் தாமதம்?"

"அன்னிக்கு எதைப் பார்த்துட்டிருந்தே?"

பிரேக்கம்மா யோசித்தார். "நாக்கைப் பார்த்துட்டிருந்தேன். சரியான வார்த்தை வருதான்னு."

"ரோட்டைப் பார்க்கணும்மா. இதைப் போய் உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கு பாரு, என் தலைவிதி." தலைவிதி என்றதும் அவரிடம் திட்டு வாங்குவோம் என்று தெரிந்து சட்டென்று தொடர்ந்தார்: "ஆனா வாய் தவறுதுங்கறது நிஜம். தையலம்மாவுக்கு உன் கால் தெரியாது, வாய்தான் கேக்கும். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு ஏறு."

மருத்துவமனை முடிவுகள் பிறகு வந்தன, அவருடைய போனுக்கே. வரைந்த கடிகாரம் சரியாக ஓடியது. வார்த்தைகளில் ஒன்று மட்டும் தட்டுத் தடுமாறி வந்தது; இந்த வயதில் அது சகஜம் என்றார் டாக்டர். கிட்னி மந்தம்தான். அந்தப் புரதத்தின் அளவு முன்பைவிடக் கொஞ்சம் குறைந்து, நடுவில் நின்றது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்ற பகுதி. பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள், கேட்பது குறைந்தால் மறதிக்கும் வழி, காதையும் பரிசோதியுங்கள், அடுத்த வருஷம் திரும்பப் பார்ப்போம்.

"இவ்வளவு பண்ணியும் தெரியலையாம்மா?" என்று மகள் ஏமாற்றத்தோடு கேட்டாள்.

"தெரியலைங்கறதும் ஒரு பதில்தான்டி. அதைச் சொல்ல இவங்களுக்குத் தைரியம் இருந்தது, அந்த லேப்புக்கு இல்லை."

அன்று மாலை மாடிப்படி அறையில் எல்லோரையும் கூட்டினார். நாற்காலி போதாமல் மருமகன் படியில் உட்கார்ந்தார். மீசை வாசலில் சாய்ந்து நின்றார்.

"வருஷா வருஷம் டாக்டர் என்னைப் பார்ப்பாங்க. இந்த ஆளு என் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பாரு. இவர் கால் என்னிக்கு நிஜமாவே பிரேக்கை அமுக்க வேண்டி வருதோ, அன்னிக்கு நானே சாவியை அந்த ஆணியில மாட்டிட்டு இறங்கிடுவேன். அழ மாட்டேன், சண்டை போட மாட்டேன். என்னை நிறுத்தறதா இருந்தா அந்தப் பிரேக் நிறுத்தட்டும். யாரோட போனும் நிறுத்தக் கூடாது."

மருமகன் தலையைத் தாழ்த்தி ஆட்டினார். "லேப்ல உங்க போன் நம்பரைக் குடுத்தாச்சு அத்தை. குரூப்ல போட்டதையும் எடுத்துட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இன்னொண்ணு." இப்போது அவர் குரல் தணிந்தது. "ஒருநாள் நிஜமாவே எனக்குப் புரியாம போகலாம். இல்லைன்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்போ பக்கத்து ரூம்ல பேசாதீங்க. என்னை உட்கார வெச்சு, என் முகத்தைப் பார்த்து, என்கிட்ட சொல்லுங்க. புரிஞ்சாலும் சரி, புரியாட்டியும் சரி. என்கிட்ட சொல்லுங்க."

மகள் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தம்பி பையிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். மாட்டிய கை விலகுவதற்குள் பிரேக்கம்மா அதை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு டீயாவது உண்டா?" என்றார் மீசை.

மறுநாள் தையலம்மா தயங்கித் தயங்கி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"முதல்ல ஒரு விஷயம்" என்றார் பிரேக்கம்மா, பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "இந்தக் காருக்குள்ள இனிமே ‘விடு’ கிடையாது. நான் அதை விட்டுட்டேன். ஆக்சிலேட்டருக்கு ‘எடு’. கிளட்சுக்கு ‘மேலே’. பழக்க தோஷத்துல என் வாயில ‘விடு’ வந்தா, நீ எதையும் விடாதே. ரெண்டு காலையும் இருக்கிற இடத்துல வெச்சுக்கிட்டு ‘தப்பு’ன்னு சத்தமா சொல்லு. மிச்சத்தை என் கால் பார்த்துக்கும்."

"உங்களைப் போய் தப்புன்னு நான் எப்படிம்மா..."

"மரியாதை எல்லாம் வெளியே. உள்ளே வந்தா சொல்லித்தான் ஆகணும்."

மருந்துக்கடை வளைவு வந்தது. பலகை நிமிர்ந்திருந்தது, புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. காரைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து பலகையைத் தூக்கிக் கடைக்குள் வைத்தார். தையலம்மா கிளட்சை அமுக்கினார். எஞ்சின் லேசாக உறுமியது. பிரேக்கம்மாவின் தொண்டையிலிருந்து பழைய வார்த்தை கிளம்பிப் பல்வரைக்கும் வந்தது. கண் சாலையிலேயே இருந்தது.

"எடு" என்றார். "ம். மேலே... மேலே... இன்னும் மேலே..."

கார் வளைவில் ஒரே தையலாகத் திரும்பியது. பிரேக்கம்மாவின் வலது கால் பிரேக்கை அழுத்தவில்லை. அதற்கு மேலே, தொடாமல், காத்திருந்தது.